மன்னிக்கும் உரிமை யாருடையது? கேம் கூட்டாளிகளின் பாவக்கணக்கு பற்றி ஓர் எளிய விளக்கம்

பாலக்கோட்டில் அண்ணன் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை சூடுபிடிக்கும். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய தக்காளி வாசலில் குவிந்து கிடக்கும். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து பழம், செங்காய், அடிபட்டது என்று பிரித்துப் பிரித்துப் பெட்டியில் போடுவார். காலேஜ் படிக்கும் அண்ணன் மகன் பெட்டியைத் தூக்கி அடுக்குவான். இடையிடையே திண்ணையில் இருக்கும் லேப்டாப்பில் கேம் ஓடும். போன முறை நான் போயிருந்தபோது அவன் திடீரென்று கேட்டான்.

"அத்தை, இவனைக் கூட வெச்சுக்கலாமா, துரத்தி விட்டுடலாமா? இத்தனை நாள் நல்லாத்தான் இருந்தான். இப்போ பார்த்தா சின்னப் பிள்ளைங்களைப் பிடிச்சுக் கொடுத்திருக்கான். மன்னிச்சிடட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கேட்டார்: "யாரு பிள்ளைங்களை?"

"கேம்லமா."

"கேம்லதான் கேக்கறேன். யாரு பெத்த பிள்ளைங்க? அவங்க என்ன சொல்றாங்க?"

அண்ணி வாழ்நாளில் ஒரு கேமும் ஆடியதில்லை. ஆனால் இந்த வகை கேம்களை ஆடத் தொடங்கும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். கேம் ஆடாதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்தே சொல்கிறேன்.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்றால் நீங்கள் ஒரு பாத்திரமாக மாறி ஒரு கதைக்குள் நடப்பது. இதற்கு வேர் 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். பிறகு அது கம்ப்யூட்டருக்கு வந்தது. அண்ணன் மகன் ஆடிக்கொண்டிருந்த பால்டர்ஸ் கேட் 3, பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. அதில் இன்றைக்கும் யாரையாவது பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் திரையில் இருபது முகப் பகடை உருளும்.

இந்தக் கதைகளில் நீங்கள் தனியாகப் போவதில்லை. வழியில் சிலர் சேர்ந்துகொள்வார்கள். சண்டையில் தோள் கொடுப்பார்கள், ராத்திரி முகாமில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். இவர்களைத்தான் கூட்டாளி என்கிறேன். நீங்கள் செய்வதைப் பார்த்து அவர்களுக்கு உங்கள்மேல் மதிப்பு கூடும், குறையும். கேம் அதை உள்ளுக்குள் எண்ணாகக் கணக்கு வைத்திருக்கும். மதிப்பு ஏற ஏற மனசைத் திறப்பார்கள். அப்படித் திறக்கும்போதுதான் பழைய பாவம் வெளியே வரும். அதுவும் நீங்கள் அவர்களோடு நாற்பது, ஐம்பது மணி நேரம் பழகிய பிறகு வரும். முதல் நாளே தெரிந்திருந்தால் ஒதுக்கியிருப்பீர்கள். இப்போது மனசு ஒட்டிக்கொண்டது. எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள், அதில் தப்பில்லை. நிஜத்திலும் ஒருவரைப் பிடித்துப்போன பிறகுதானே அவருடைய பழைய கதை நம் காதுக்கு வருகிறது.

சரி, மன்னிப்பு என்றால் என்ன? இங்கேதான் புதிதாக ஆடுபவர்கள் குழம்புகிறார்கள். "மன்னிச்சிட்டேன்" என்ற ஒரே சொல்லை நாம் பல காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் ஜெவ்ரான் என்று ஒருவன் வருவான். காசு வாங்கிக்கொண்டு உங்களைக் கொல்ல வந்தவன். தோற்றுக் கீழே கிடக்கும்போது, "உயிரோடு விட்டால் உங்களுக்கே வேலை செய்கிறேன்" என்பான். நீங்கள் கத்தியைக் கீழே இறக்கினால் அது உயிர்ப்பிச்சை. மன்னிப்பு பிறகு வரலாம், வராமலும் போகலாம். 2000-ல் வந்த பால்டர்ஸ் கேட் 2-ல் யோஷிமோ என்ற கூட்டாளி உங்களைக் காட்டிக்கொடுப்பான். ஆனால் அவன் ஒரு மந்திரக்கட்டுக்குள் இருக்கிறான், எஜமான் சொன்னதை மீறினால் சாவு. அது தெரிந்ததும் நமக்குக் கோபம் தணிகிறதே, அது நிலைமை புரிந்ததால் வரும் தணிவு. அவன் வேறு வழியில்லாமல் செய்தான் என்றால் மன்னிக்க அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அவன் இதயத்தை எடுத்துப்போய் இல்மேட்டர் தெய்வத்தின் கோயிலில் சேர்த்து அவனுக்கு விடுதலை வாங்கித் தரலாம். அந்தக் காலத்து கேம் அது, படம் கரடுமுரடாக இருக்கும். அந்த இடம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதுதான் அதிகம் நடப்பது. பூட்டுத் திறக்க ஆள் வேண்டும், சண்டைக்கு ஆள் வேண்டும், அதனால் வைத்துக்கொள்வது. அண்ணன் மகனிடம் கேட்டேன். "அவன் போயிட்டா பெட்டி திறக்க ஆளில்லை அத்தை" என்றான். உண்மையைச் சொன்னான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கக்கூடாது.

இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் மன்னிப்பு. அவன் செய்தது தப்பு, வேறு வழி இருந்தும் செய்தான், எனக்கு வலித்தது, இருந்தாலும் அந்தக் கோபத்தை நான் இறக்கி வைக்கிறேன் என்பது. இதில் "எனக்கு வலித்தது" என்ற பகுதி இல்லாமல் மன்னிப்பு நிற்காது. அண்ணியின் கேள்வி நேராக அங்கேதான் போய்த் தைத்தது.

அண்ணன் மகன் கேட்டது ஆஸ்டாரியன் என்ற கூட்டாளியைப் பற்றி. அவனுடைய கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அவனிடம் இரண்டு கணக்கு இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே உதவி கேட்பதுபோல் கூப்பிட்டு உங்கள் கழுத்தில் கத்தி வைப்பான். பிறகு கூட்டத்தில் சேர்ந்து, ஒரு ராத்திரி நீங்கள் தூங்கும்போது கழுத்தைக் கடிக்கக் குனிவான். விழித்துப் பார்த்தால் ரத்தம் குடிப்பவன் என்பது தெரியும். இந்த இரண்டும் உங்களுக்குச் செய்தது. விடுவதும் பிடிப்பதும் உங்கள் பாடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு வேறு. காசடோர் என்ற பழைய ரத்தக்காட்டேரிக்கு இருநூறு வருஷம் அடிமையாக இருந்தவன் ஆஸ்டாரியன். எஜமான் சொல்லை மீற முடியாது, மீறினால் சித்திரவதை. எஜமானுக்காக ஊருக்குள் போய்ச் சிரித்துப் பேசி ஆட்களை மயக்கிக் கூட்டிவருவது அவன் வேலை. அவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கதையின் கடைசிப் பகுதியில் காசடோர் மாளிகையின் அடியில் இறங்கினால், ஏழாயிரம் பேர் அங்கே அடைந்து கிடக்கிறார்கள். ரத்தம் குடிக்கும் பிறவிகளாக மாற்றி, சாகவும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் செபாஸ்டியன் என்பவன் கம்பிக்குப் பின்னாலிருந்து ஆஸ்டாரியனை அடையாளம் கண்டுகொள்வான். இவன் சிரிப்பை நம்பி வந்தவன் அவன். இன்னொரு கூண்டில் குர் என்ற நாடோடிச் சனத்தின் பிள்ளைகள். எஜமான் கட்டளைக்காக ஆஸ்டாரியன் கொண்டுபோனவர்கள்தான். அந்தப் பிள்ளைகளைத் தேடி உல்மா என்ற பெரியம்மா தலைமையில் அவர்கள் சனம் ஊருக்கு வந்திருக்கிறது. ஆஸ்டாரியனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கவும் செய்கிறது.

"அவங்க அப்பா அம்மா என்ன சொல்றாங்க" என்று அண்ணி கேட்டார் அல்லவா, கேமே அதற்கு ஒரு காட்சி எழுதி வைத்திருக்கிறது. அங்கே நீங்கள், கட்டுப்பட்டுச் செய்தான், பாவம், என்னிடம் நல்லபடி நடந்துகொள்கிறான், மன்னித்துவிட்டேன் என்று நினைத்தால், அது அந்தக் கூண்டுக்குள் இருப்பவர்களின் சொத்தை எடுத்து நீங்கள் தானம் செய்வது மாதிரி.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கேமைவிட அண்ணன் வாழ்க்கையே உதவியது. பல வருஷம் முன்னால் அண்ணன் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து தக்காளி வாங்கி வெளியூருக்கு அனுப்பினார். அந்தக் கூட்டாளி எடையில் கை வைத்தார். அண்ணன் பங்கில் மட்டும் வைத்திருந்தால் பரவாயில்லை, காய் போட்ட ஏழெட்டு விவசாயிகளின் எடையிலும் வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்ததும் அவர் வீட்டுக்கு வந்து அழுதார். அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "எனக்குப் பண்ணினதை விட்டுட்டேன்பா. அவங்களுக்குப் பண்ணினதை நான் எப்படி விடறது? வா, வண்டியை எடு, வீடு வீடாப் போலாம்." போனார்கள். அண்ணன் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. அந்த மனிதர்தான் பேசினார். இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தார்கள். ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "இனிமே இந்த வாசல் மிதிக்காதே" என்றார். அதற்கும் அவர் தலையாட்டிவிட்டு வந்தார். அதன் பிறகும் இரண்டு சீசன் அண்ணனோடு வேலை செய்தார்.

கேம் ஆடுபவர் கையில் இருப்பதும் இதுதான் என்பது என் எண்ணம். ஊரார் சார்பில் மன்னிக்க முடியாது. ஆனால் அவனோடு கூடப் போக முடியும். கூட்டாளி என்ற சொல்லுக்கே அதுதானே அர்த்தம்.

இதற்கு நான் பார்த்ததில் நல்ல உதாரணம் 2014-ல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் கேமில் வரும் பிளாக்வால். மரியாதைக்குரிய வீரர், ஏழைகளுக்குப் பரிந்து நிற்பவர். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவார். தேடிப் போனால் ஒரு தூக்குமேடை. ஒரு சிப்பாயைத் தூக்கிலிடப் போகிறார்கள். பிளாக்வால் மேடையேறி உண்மையைச் சொல்வார். அவர் உண்மையான பெயர் தாம் ரேனியர். காசுக்காக ஒரு பிரபுவையும் அவர் குடும்பத்தையும் பிள்ளைகளோடு கொல்லச் சொன்னவர். தன் ஆட்களிடம் என்ன காரியம் என்றுகூடச் சொல்லாமல் கூட்டிப் போனவர். பிறகு அவர்களைச் சிக்கவிட்டு ஓடி, செத்துப்போன ஒரு வீரனின் பெயரைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர். இப்போது தூக்குக்கு நிற்பது அந்த ஆட்களில் ஒருவன். செத்துப்போன பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க யாராலும் முடியாது. உயிரோடு இருக்கும் ஒருவனுக்காக அவர் தானாகவே போய் நின்றார். யாரும் வற்புறுத்தவில்லை, பகடையும் உருளவில்லை. அந்த ஒரு செயலுக்குப் பிறகு அவரைக் கூட வைத்துக்கொள்வது எனக்குக் கூச்சமாக இல்லை.

ஆனால் இதே கேமில் உங்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. நீங்கள் ஒரு படைக்குத் தலைவர், சிம்மாசனத்தில் உட்கார்ந்து கைதிகளுக்குத் தீர்ப்புச் சொல்பவர். ரேனியரையும் அங்கே நிறுத்தலாம். நண்பராக இறக்கிவைக்கும் கோபம் ஒன்று, நீதிபதியாகக் கொடுக்கும் தண்டனை இன்னொன்று. திருக்குறளில் பொறையுடைமை அறத்துப்பாலில், இல்லறம் நடத்துபவருக்குச் சொன்னது. கொலைகாரரை ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பதற்குச் சமம் என்பது பொருட்பாலில், செங்கோன்மை அதிகாரத்தில், அரசனுக்குச் சொன்னது. நாற்காலி மாறினால் கடமை மாறும். ஆடும்போது நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்தக் கேள்வியை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஆரிஜின்ஸ் கேமில் வரும் லோகெய்ன். நாட்டை அந்நியரிடமிருந்து மீட்ட மாவீரன். போர்க்களத்தில் சைகைத் தீ எரிந்ததும் படையோடு உள்ளே வரவேண்டியவன், திரும்பிப் போய்விடுகிறான். அரசன் சாகிறான், உங்கள் குழுவின் தலைவர் டங்கன் சாகிறார். பிறகு பணத்துக்காகத் தலைநகரில் ஒடுக்கப்பட்டுக் கிடக்கும் எல்ஃப் என்ற இனத்து மக்களை அடிமை வியாபாரிகளுக்கு விற்கவும் விடுகிறான். கடைசியில் சபை நடுவே அவன் தோற்று நிற்கும்போது கொல்லலாம், அல்லது உங்கள் குழுவில் சேர்க்கலாம். சேர்த்தால், டங்கனைத் தகப்பனாக நினைத்த அலிஸ்டர் உங்களை விட்டுப் போய்விடுவான். கதை ஆரம்பத்திலிருந்து பக்கத்திலேயே நின்றவன் அவன்.

முதல் முறை ஆடியபோது அலிஸ்டர்மேல் எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு பெரிய ஆபத்து இருக்கிறது, இப்போது போய் முறுக்கிக்கொள்கிறானே என்று. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் பெருந்தன்மை என்று நினைத்தது அவன் துக்கத்தைத் தாண்டி எடுத்த முடிவு. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்கப்பட்ட எல்ஃப் மக்களை யாருமே கேட்கவில்லை. சபையில் அவர்கள் கதை லோகெய்னுக்கு எதிரான சாட்சியாக வந்ததோடு சரி. லோகெய்னைச் சேர்த்துக்கொண்டால் கடைசிப் போரில் அவன் உயிரையே கொடுக்கலாம், அது நெஞ்சைத் தொடும் முடிவு. ஆனாலும் அடுத்த முறை ஆடியபோது நான் அவனைச் சேர்க்கவில்லை.

இதற்கு ஒருவர், "அப்படியென்றால் ஆஸ்டாரியனுக்காக ஏன் கண் கலங்குகிறது, மனசு மன்னித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கலாம். இல்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. கர்ண மோட்சம் நடக்கும் ராத்திரி, மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுக் கர்ணன் போர்க்களத்துக்குப் போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்கள் இருக்க மாட்டார்கள். என் அம்மா விசும்பியே அழுவார். சபையில் திரௌபதியைத் துகிலுரியச் சொன்னவன் இந்தக் கர்ணன்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு படுகளத்தன்று, மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன் பக்கத்தில் திரௌபதி கூந்தல் முடிவதைப் பார்க்க அதே அம்மா கைகூப்பி நிற்பார். கர்ணனை மன்னித்துவிடம்மா என்று திரௌபதியிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. அழுகை நம்முடையது, தாராளமாக அழலாம். மன்னிப்பு அவளுடையது.

புதிதாக ஆடுபவர்களுக்குக் கையோடு உதவும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி வருத்தப்படுகிறான் என்பதைவிட அடுத்து என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஆஸ்டாரியனுக்குக் கதையின் முடிவில் ஒரு சடங்கு காத்திருக்கிறது. செய்தால் வெயிலுக்கும் யாருக்கும் பயப்படாத பெரும் சக்தி கிடைக்கும், விலை அந்த ஏழாயிரம் உயிர். அவன் அதைச் செய்யத்தான் துடிப்பான். தனக்குச் செய்த கொடுமைக்கு நஷ்டஈடு என்றே அதை நினைப்பான். உண்மையான கேள்வி அங்கே இருக்கிறது. பழையதை மன்னிப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இப்போது அவன் கையைப் பிடித்து நிறுத்துவீர்களா என்று யோசியுங்கள். பிடித்தவனுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது அன்பு என்று நினைத்து அந்தச் சடங்குக்கு உதவியவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

அப்புறம், பரிசு கொடுத்து மதிப்பெண் ஏற்றுவதை நம்பாதீர்கள். ஆரிஜின்ஸில் கூட்டாளிக்குப் பிடித்த பொருளைக் கொடுத்தால் எண் ஏறும், மனஸ்தாபம் தீர்ந்ததுபோல் காட்டும். உறவு அப்படி ஒட்டாது என்று ஆடும் உங்களுக்கே தெரியும். முடிவெடுத்த பிறகு பிடிக்கவில்லை என்று பழைய சேவ் ஃபைலுக்கு, அதாவது முன்னால் சேமித்து வைத்த கட்டத்துக்கு, திரும்பிப் போவதையும் முதல் தடவையாவது தவிர்த்துப் பாருங்கள். அலிஸ்டர் போன பிறகு நான் திரும்பிப் போயிருந்தால், அவன் ஏன் போனான் என்று யோசித்தே இருக்க மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் மகனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அவன் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சடங்கு நடக்கும் மண்டபத்துக்குப் போகாமல், ஆஸ்டாரியனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்தக் கூண்டுகள் பக்கம் திரும்பினான். குர் பிள்ளைகள் இருந்த கம்பிக்கு முன்னால் நிறுத்தினான்.

"என்னடா, முடிவு பண்ணிட்டியா?" என்றேன்.

"இல்லை அத்தை. முதல்ல அவன் இதைப் பார்க்கட்டும்."

வாசலில் வண்டி ஹார்ன் அடித்தது. லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் பெட்டி தூக்கப் போனான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, திரையில் அந்தப் பிள்ளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.